போதை மீட்பு சிகிச்சை முடித்தவரின் வேலையைக் காக்க: தீர்ப்பு நகல்கள் தேவை

தோழர்களே, வணக்கம். மணலி, திருவொற்றியூர் பக்கம் குடிநோய் சிகிச்சை முடித்து வேலைக்குத் திரும்பும் தொழிலாளர்களுக்காக மாதிரி மனு ஒன்று தயாரிக்கிறோம்.

சிக்கல் இதுதான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் போதை அடிமைத்தனம் பெயர் சொல்லி இல்லை, மனநோய் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமோ, பிரிவு 2(1)(எஸ்)-இல் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய்க்குள் சேர்க்கிறது. இரண்டையும் இணைத்து வாதிட்ட வழக்கின் தீர்ப்பு இருந்தால் அனுப்புங்கள், தோற்றதாக இருந்தாலும் பரவாயில்லை. அமெரிக்காவின் 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைக் காட்டுவதில் பயனில்லை, அது இங்கே செல்லாது.

பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை நீக்கக் கூடாது என்கிற, 2016 சட்டத்தின் பிரிவு 20(4) அரசு நிறுவனங்களுக்கு மட்டும். தனியாரிடம் 3(3) (ஊனத்தைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டக் கூடாது), 21 (சமவாய்ப்புக் கொள்கை) ஆகிய பிரிவுகள்தான் பிடி. தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும்; 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்தால் அதில் கூடுதல் விவரங்கள் இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியின் கொள்கை நகல் கிடைத்தால் பெரிய உதவி.

பல பேருக்கு வேலை போவது ஒரு வெள்ளைத்தாளில். "குடித்துவிட்டு வராமல் இருந்தேன், இனி செய்யமாட்டேன்" என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். நோய்க்கான விடுப்பு அந்த நிமிடமே ஒழுங்கீனத்துக்கான ஒப்புதலாகிவிடும். தயவுசெய்து யாரும் எழுதித் தர வேண்டாம். சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, வேலைக்குத் தகுதி, இவை உள்ள மருத்துவர் சான்றைக் கொடுத்து, நகலில் பெற்றதற்கான முத்திரை வாங்குங்கள்.

சட்டப் பாதுகாப்பு கேட்டால் நோயைச் சொல்லியாக வேண்டும். விசாரணை அறிவிப்பு வரும் முன்பே சொல்வதா, பதிலில் சொல்வதா? தொழிலாளர் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்கள் வழிகாட்டுங்கள்.