கேஸ் கீசர் இரண்டு நிமிஷத்தில் அணைந்துவிடுகிறது, பேட்டரி மாற்றியும் சரியாகவில்லை

குன்னூர்_மேடு:

6 லிட்டர் இன்ஸ்டன்ட் கேஸ் கீசர், வாங்கி நாலு வருஷம். இரண்டு டி சைஸ் பேட்டரியில் ஓடுவது. பாத்ரூம் உள்ளேயே மாட்டியிருக்கிறது. குழாயைத் திறந்ததும் பொறி அடித்து உடனே பற்றிக்கொள்கிறது. ஷவரில் நின்றால் ஒன்றரை, இரண்டு நிமிஷத்தில் டப்பென்று அணைகிறது. மூடித் திறந்தால் சில சமயம் பற்றும். சில சமயம் எந்தச் சத்தமும் இல்லாமல் கிடக்கும், ஐந்து நிமிஷம் விட்டால் பழையபடி பற்றும். இப்போது காலையில் கடும் குளிர், அதனால் கேஸ் குமிழ் உச்சத்தில் இருக்கிறது. தண்ணீர் சூடு தாங்கவில்லை என்று பச்சைத் தண்ணீரையும் கலந்துகொள்கிறோம். பேட்டரி புதுசு. பார்க்க வந்த மெக்கானிக், பொறியையும் வால்வையும் இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது, மாற்ற 1,800 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றலாமா?

தீயும்_குழாயும்:

இப்போதைக்கு மாற்றாதீர்கள் சார். போர்டு போயிருந்தால் பொறி ஒழுங்காக வராது, வால்வு திறக்காது. உங்களுக்கு ஒவ்வொரு முறையும் பற்றி ஒரு நிமிஷத்துக்கு மேல் எரிகிறதே, அப்படியென்றால் போர்டு தன் வேலையைச் செய்கிறது.

கேஸ் கீசரில் பற்றியதிலிருந்து எத்தனை நேரத்தில் அணைகிறது என்று கடிகாரம் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். பொறி மட்டும் அடித்துப் பற்றவே இல்லையென்றால் கேஸ் வரவில்லை. பற்றிப் பத்து வினாடிக்குள் அணைந்தால் தீயை உணரும் கம்பியைப் பாருங்கள். பர்னருக்கு மேல் பீங்கான் பிடியோடு இரண்டு கம்பிகள் நிற்கும். ஒன்று பொறிக்கு, மற்றது தீ எரிகிறதா என்று போர்டுக்குச் சொல்ல. இரண்டாவதன் மேல் வெள்ளையாகவோ கரியாகவோ படிந்துவிட்டால், தீ எரிந்தாலும் போர்டுக்குத் தெரியாது, பாதுகாப்புக்காக வால்வை மூடிவிடும். ஜீரோ நம்பர் எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்து, நுனி தீக்குள் இருக்கும்படி வைத்தால் போதும். பர்னரிலிருந்து போர்டுக்குப் போகும் எர்த் ஒயர் தளர்ந்திருந்தாலும் இதே கோளாறுதான்.

அடுப்படியில் யாராவது குழாயைத் திறக்கும்போது அணைந்தால் தண்ணீர் அழுத்தம் போதவில்லை. சரியாக 20 நிமிஷத்தில் அணைந்தால் அது கோளாறே இல்லை, பெரும்பாலான மாடல்களில் அந்த டைமர் வேண்டுமென்றே வைத்திருப்பது.

ஒன்றிலிருந்து மூன்று நிமிஷத்துக்குள் அணைந்து, கொஞ்ச நேரம் உயிரே இல்லாமல் கிடந்து, ஆறியபின் பற்றினால் வெப்பக் கட் ஆஃப் மேல்தான் சந்தேகம். வெந்நீர் வெளியே போகும் செம்புக் குழாயில் காசு அளவில் ஒட்டியிருக்கும். தண்ணீர் அளவுக்கு மேல் சுட்டால் மின்சுற்றைத் துண்டித்துவிடும். நீங்கள் சொல்வது அச்சு அசலாக அதுதான்.

மூன்று அளவு எடுத்துச் சொல்லுங்கள். பத்து லிட்டர் வாளி நிறைய, கீசர் வழியாகக் கீழ்க் குழாயில் எவ்வளவு நேரம்? அதே வாளி ஷவரில் எவ்வளவு நேரம்? இரண்டும் வெந்நீர்ப் பக்கம் மட்டும் திறந்து, கேஸை மூடிவிட்டு. பேட்டரியை மல்டிமீட்டரில் சும்மா பார்க்காமல் பொறி அடிக்கும்போது பாருங்கள். ஓய்ந்த பேட்டரி சும்மா இருக்கையில் 3 வோல்ட் காட்டினாலும், கேஸ் வால்வைத் திறக்கும் மின்காந்தமான சொலினாய்டு இழுக்கும்போது 2.4க்கு விழும். சார்ஜ் செய்யும் வகை செல் இரண்டு போட்டால் தொடக்கமே 2.4தான், அதைப் போடவே கூடாது.

காற்றுவழி:

அளவெல்லாம் எடுங்கள், ஆனால் கதவு, ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்து எடுங்கள். இது சரியாகும்வரை அந்த பாத்ரூமில் கீசரை எரியவிட்டு யாரும் குளிக்க வேண்டாம். உங்கள் கேள்வியில் எனக்குப் பயம் தந்த வரி "பாத்ரூம் உள்ளேயே".

கணக்கைப் பாருங்கள். 6 லிட்டர் கீசர் உச்சத் தீயில் மணிக்கு ஒரு கிலோவை ஒட்டி எல்பிஜி குடிக்கும். பத்து நிமிஷக் குளியலுக்கு 150 கிராம். அதை எரிக்க இரண்டு கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். ஐந்துக்கு ஆறு அடி, எட்டடி உயர பாத்ரூமில் இருக்கும் மொத்தக் காற்றே ஏழு கன மீட்டருக்குள். குளிருக்கு ஜன்னலைச் சாத்தினால் ஒருவர் குளித்து முடிப்பதற்குள் நாலில் ஒரு பங்குக் காற்றின் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 18, 19க்கு இறங்கும்போதே தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு கக்கத் தொடங்கும். அதற்கு மணம் கிடையாது. கேஸ் கசிந்தால் வருகிற நாற்றம் சிலிண்டரில் கலந்த மெர்காப்டானுடையது, எரிந்த புகையில் அது இருக்காது. தலை கனக்கிறது, கால் துவள்கிறது என்று உணர்வதற்குள் கதவுத் தாழ்ப்பாளைத் தொடக் கூடத் தெம்பு இருக்காது. உட்கார்ந்து குளிக்கும் குழந்தைகளும் வயதானவர்களும் வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார்கள்.

தீயின் நிறம் என்ன? முழுக்க நீலமா, மஞ்சள் நாக்கு தெரிகிறதா?

குன்னூர்_மேடு:

இருவருக்கும் நன்றி. இன்று பார்த்தது: கீழ்க் குழாயில் வாளி நிறைய 2 நிமிஷம் 20 வினாடி. ஷவரில் 4 நிமிஷம் 25 வினாடி. பேட்டரி 3.1, பொறி அடிக்கும்போது 2.8. கதவைத் திறந்து வைத்து, கீழ்க் குழாயில் ஆறு நிமிஷம் ஓடவிட்டேன், அணையவே இல்லை. மாடித் தொட்டியின் அடியிலிருந்து ஷவர் தலைக்கு 2.2 மீட்டர்தான் உயரம். தீயின் நுனியில் மஞ்சள் இருக்கிறது. ஜன்னலைப் பற்றிச் சொன்னது எங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்றிலிருந்து வாளியில் பிடித்து, கீசரை அணைத்த பிறகுதான் குளிக்கிறோம்.

தீயும்_குழாயும்:

தெளிவாகிவிட்டது. கீழ்க் குழாயில் நிமிஷத்துக்கு 4.3 லிட்டர், ஷவரில் 2.3 லிட்டர். உச்சத் தீ தண்ணீருக்குச் சுமார் 10 கிலோவாட் வெப்பம் தரும் என்று வைத்தால் 4.3 லிட்டர் ஓட்டத்தில் 33 டிகிரி ஏறும். 13 டிகிரித் தண்ணீர் 46 ஆகும், குளிக்கலாம். 2.3 லிட்டர் ஓட்டத்தில் 62 டிகிரி ஏறி 75ஐத் தொடும். கட் ஆஃப் விழாமல் என்ன செய்யும்?

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. சுடுகிறது என்று பச்சைத் தண்ணீரைத் திறக்கிறீர்கள். ஷவர் தலை விடும் மொத்தத் தண்ணீர் அதேதான், ஆகவே பச்சைத் தண்ணீர் எவ்வளவு கலந்ததோ அவ்வளவு குறைந்துதான் கீசர் வழியாகத் தண்ணீர் போகும். உள்ளே இன்னும் சுடும், நீங்கள் இன்னும் கலப்பீர்கள், அணையும். கேஸ் கீசருக்குப் பச்சைத் தண்ணீர் கலக்கும் பழக்கமே ஆகாது. சூடு அதிகமானால் தீயைக் குறையுங்கள், தண்ணீர்க் குமிழைக் கூட்டுங்கள். கலவைக் குழாயில் வெந்நீர்ப் பக்கம் முழுசாகத் திறந்திருக்கட்டும்.

அதோடு ஷவர் தலையைக் கழற்றி உள்ளே ஓட்டத்தைக் குறைக்கும் சிறு பிளாஸ்டிக் தட்டை எடுத்துவிட்டு, துளை பெரிதான தலையாக மாட்டுங்கள். இந்தக் கீசர்கள் பற்றவே இரண்டு, மூன்று மீட்டர் உயர அழுத்தம் கேட்கும். 2.2 என்பது விளிம்பு. தொட்டியை ஆங்கிள் ஸ்டாண்டில் ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் உயர்த்தினால் நிரந்தரத் தீர்வு. முடியாவிட்டால் சின்ன பிரஷர் பம்ப்.

போர்டுக் காசை மிச்சம் பிடியுங்கள்.

உப்புத்தண்ணி:

ஒரு சேர்க்கை. நாலு வருஷம் ஆகிவிட்டதால் ஓட்டம் குறைய உள்ளேயும் காரணம் இருக்கலாம். முதலில் தண்ணீர் நுழையும் இடத்து நட்டைக் கழற்றினால் கம்பி வலை வடிகட்டி வரும், பழைய டூத் பிரஷ்ஷால் மணலைத் தேய்த்துக் கழுவுங்கள். அதற்கு அடுத்தது டயாபிரம். நாலு திருகில் பிடித்த பித்தளைக் கூட்டுக்குள் ரப்பர் தகடு. தண்ணீர் தள்ளும்போது இது ஊசியை நகர்த்தித்தான், போர்டைப் பற்றவைக்கச் சொல்லும் மைக்ரோ சுவிட்ச் விழுகிறது. நடுவில் வெடிப்பு இருந்தாலோ விறைத்துப் போயிருந்தாலோ மாற்றிவிடுங்கள், விலை சொற்பம்.

போர் தண்ணீராக இருந்தால் செம்புச் சுருளில் உப்பு படிந்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, சின்ன மோட்டாரால் சுருள் வழியாக முக்கால் மணி நேரம் சுற்றவிட்டு, பிறகு நல்ல தண்ணீர் பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. செம்பையும் பித்தளையையும் தின்று, பற்றாசு வைத்து ஒட்டிய இடத்தில் ஒழுகவைக்கும்.

மஞ்சள் நுனிக்கு: பர்னருக்குள் காற்று நுழையும் வாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கும், சுருளின் தகடுகளுக்கிடையே கரி அடைந்திருக்கும். கேஸை மூடி, பர்னரைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். கேஸ் பீய்ச்சும் ஜெட்டுக்குள் ஊசி விட்டுத் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். குன்னூர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, கொஞ்சம் மஞ்சள் அதனாலும் வரும். தீயைக் குறைத்து எரிப்பது அங்கே இன்னும் நல்லது.

குளிரில் சிலிண்டர் தீரும் தறுவாயில் தீ தளர்வதும் உண்டு. புரொப்பேன் முதலில் போய்விடும், மிஞ்சும் பியூட்டேன் பூஜ்ய டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். காலையில் மட்டும் தீ சிறுத்தால் அதையும் நினைவில் வையுங்கள்.

குன்னூர்_மேடு:

ஷவர் தலை மாற்றி, தீயைப் பாதிக்குக் கீழே வைத்து, பச்சைத் தண்ணீரை அடைத்துச் சோதித்தேன். பன்னிரண்டு நிமிஷம் நிற்காமல் எரிந்தது. பர்னரைத் துடைத்ததில் மஞ்சளும் ஏறக்குறையப் போய்விட்டது. கீசரை வெளியே மாற்றலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கே மாட்டுவது நல்லது?

காற்றுவழி:

நல்ல முடிவு. பாத்ரூமின் வெளிச்சுவரில், சன்ஷேடுக்குக் கீழே, மழைச் சாரலும் நேர்க்காற்றும் படாத இடம். காற்று அடித்தால் தீ அணையும், அதற்காகப் பெட்டிபோல் மூடியும் விடாதீர்கள், மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும். பாத்ரூம் ஜன்னலுக்கு நேர் கீழே மாட்டினால் புகை உள்ளேயே வரும், குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி. வெந்நீர்க் குழாயை முடிந்தவரை குட்டையாக வைத்து ஃபோம் சுற்றுங்கள், அந்தக் குளிரில் அது கட்டாயம். கீசருக்குத் தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஆரஞ்சு சுரக்ஷா குழாய், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கேஸ் இணைப்பை அனுபவமுள்ளவர் கையில் விடுங்கள். முடித்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு 1906க்கு அழையுங்கள்.