மூணாங்கட்டு சன்னல்: பழைய எனாமலைத் தேய்ப்பதா, உரிப்பதா?

மூணாங்கட்டு ஆச்சி

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பங்கு வீடு. மூன்றாம் கட்டில், அதாவது அடுப்படிப் பக்கத்துப் பின்பகுதியில், 14 சன்னல், 3 கதவு, எல்லாம் பச்சை எனாமல். ஐயா (தாத்தா) ஒருமுறை அடித்தார்கள், அப்பச்சி (அப்பா) காலத்தில் அதன்மேல் இரண்டு முறை, அப்புறம் கணக்கில்லை. இப்போது நாலைந்து சன்னல்களில் கதவே சாத்த வரவில்லை, அவ்வளவு தடிமன். வருகிற தையில் தங்கை மகள் கல்யாணம் இந்த வீட்டில்தான்.

போன மாதம் ஒரு சன்னலை மட்டும் அடித்துப் பார்க்கச் சொன்னேன். வந்தவர் துணியால் தூசி தட்டிவிட்டு நேராகப் பூசிவிட்டுப் போனார். பத்தாம் நாள் சும்மா நகத்தால் கீறினேன். ஆறிய பாலில் ஆடை எடுக்கிற மாதிரி முழுசாக வந்துவிட்டது. அடியில் பழைய பச்சை, முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது!

பெரிய அத்தான் கேஸ் டார்ச் வைத்துக் கருக்கிச் சுரண்டு என்கிறார். அடுப்படியை ஒட்டிய கட்டு, பல வருட விறகுப் புகை வேறு. எல்லாவற்றையும் மரம் தெரியும்வரை எடுத்தே ஆக வேண்டுமா?

பர்மா தேக்கு

எடுத்துத்தான் ஆக வேண்டும். காஸ்டிக் சோடாவைக் கரைத்துப் பூசி ஒரு மணி நேரம் விடுங்கள், குழகுழவென்று வந்துவிடும். தேக்கைப் பெயிண்டுக்குள் ஒளித்து வைப்பதே பாவம்.

தேவகோட்டை பிரஷ்

ஆச்சி, 30 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். காஸ்டிக் வேண்டாம். தேக்கு கறுத்துப் போகும், நார் எழும்பும், மூலையில் தங்கிய காரம் பின்னால் புதுப் பெயிண்டையும் தூக்கிவிடும். நன்றாகப் பிடித்திருக்கிற பழைய பெயிண்டை எதற்கு எடுக்க வேண்டும்? அதைவிட நல்ல அடித்தளம் கடையில் கிடைக்காது. உங்களுக்கு உரிந்தது புதுசுதானே, பழசு இல்லையே. கண்ணாடி மாதிரி வழுவழுப்பும் அதன்மேல் அடுப்படிப் பிசுக்கும் இருந்தால் எந்த எனாமலும் நிற்காது.

முதலில் கழுவ வேண்டும், இதைத்தான் யாரும் செய்வதில்லை. அரை வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவை சோடா. கையுறை போட்டுக்கொண்டு கீழிருந்து மேலாகத் தேயுங்கள், இல்லாவிட்டால் வழிகிற அழுக்குத் தண்ணீர் கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவுங்கள், சோடா மிச்சம் இருக்கக்கூடாது. நம் ஊர் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது சட்டத்தில் தெறித்த சுண்ணாம்புப் பொட்டுகள். ஒன்று விடாமல் சுரண்டுங்கள். சுண்ணாம்புக் காரம் எண்ணெய்ப் பெயிண்டைச் சோப்பாக்கிவிடும், வருடம் திரும்புவதற்குள் அந்த இடம் கொப்பளிக்கும்.

அடுத்து வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள், 180 நம்பர், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பச்சையை எடுக்க இல்லை, பளபளப்பைச் சாகடிக்க. காய்ந்ததும் பக்கவாட்டில் நின்று வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். மின்னுகிற இடமெல்லாம் இன்னும் தேய்க்காத இடம். கடைசல் வளைவுகளுக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரே போதும். பொருக்கு எழும்பிய இடத்தை மட்டும் தகடால் எடுத்து, ஓரம் விரலுக்குத் தட்டாதபடி சரிவாகத் தேயுங்கள். மரம் தெரிகிற இடத்துக்கு மட்டும் மர பிரைமர் (அடிப்பூச்சு), பிறகு பள்ளத்தை நிரப்பப் பட்டி, காய்ந்ததும் அதைத் தேய்த்து மேலே இன்னொரு தொடு பிரைமர். இரும்புக் கம்பிக்குத் துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பிரைமர்.

சாத்த வராத சன்னலுக்கு ஓரங்களை மட்டும் முழுதாகச் சுரண்டத்தான் வேண்டும். மூடிப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை அட்டை தாராளமாக உள்ளே போய்வர வேண்டும், மேலே இன்னும் இரண்டு பூச்சு ஏறப் போகிறதே. பித்தளைக் கொண்டிகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். அவற்றின் மேலும் பெயிண்ட் அடிக்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

இது ஆவணி. புரட்டாசிக்குள் முடியுங்கள், ஐப்பசி ஈரத்தில் எனாமல் காயாது. மெல்லிசாக இரண்டு பூச்சு, நடுவில் ஒரு முழு நாள். உச்சி வெயில் விழுகிற சன்னலை அந்த நேரத்தில் தொடாதீர்கள், மேலே ஆடை கட்டிச் சுருங்கும்.

அப்பத்தா பேத்தி

கேஸ் டார்ச் மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய எனாமலில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எரித்தால் அது புகையாகும், காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூசியாகும். இரண்டும் சிறு பிள்ளைகளின் மூளைக்கு ஆகாது. ஈரமாகவே தேயுங்கள், முகத்துக்கு நல்ல மாஸ்க், கீழே பிளாஸ்டிக் விரிப்பு. தேய்த்த தண்ணீரை முற்றத்தில் ஊற்றாதீர்கள். வேலை முடிகிறவரை பிள்ளைகள் முகப்போடு நிற்கட்டும்.

மூணாங்கட்டு ஆச்சி

தேவகோட்டை அண்ணே, ஒரு சன்னல் முடிந்தது. ஒன்றரை நாள் ஆனது. கழுவின தண்ணீர் மூன்று தடவை டீ டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. அப்புறம்தான் பச்சையே கண்ணில் பட்டது. இத்தனை நாள் நாங்கள் பாசி நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தது புகை. பத்து நாள் காய விட்டுக் கீறிப் பார்த்தேன், நகம்தான் ஒடிந்தது.

அத்தானிடம் ஈயக் கதையைச் சொன்னேன். "நாங்களெல்லாம் இதே சன்னலைக் கடித்துத்தான் வளர்ந்தோம்" என்றார். அதனால்தான் இப்படி என்று அக்கா சொன்னதும் டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு சந்தேகம். அடுத்த சன்னலின் கீழ்ச்சட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் அடியோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் மரம் விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது. பட்டி வைத்து மூடலாமா, ஆசாரியைக் கூப்பிட வேண்டுமா?

தேவகோட்டை பிரஷ்

ஆசாரிதான் ஆச்சி. மெத்தென்று இருந்தால் மழைத் தண்ணீர் தேங்கி உளுத்திருக்கிறது. அந்தத் துண்டை வெட்டிப் பழைய தேக்கிலேயே ஒட்டுப் போடச் சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் துண்டு கிடைக்கும். அவர் வந்து போகும்வரை அந்தச் சன்னலுக்கு பிரைமர் வைக்காதீர்கள்.