பீச் சாக்கர் லீக்: ஷூ போடலாமா, சுவர் கட்டலாமா?

அலைக்கரை: பெசன்ட் நகர் பீச்சில் வார இறுதியில் நண்பர்களாகச் சேர்ந்து ஒரு சின்ன பீச் சாக்கர் (மணலில் ஆடும் ஃபுட்பால்) லீக் நடத்தலாம் என்று இருக்கிறோம். புல்தரை ஃபுட்பால் விதிகளையே வைத்தால் ஒத்துவருமா? ஷூ போடலாமா, மேட்ச் எவ்வளவு நேரம், ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ கிக்கைத் தடுக்க ஆட்கள் வரிசையாக நின்று சுவர் கட்டலாமா என்று இப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.

மணல்கால்: ஷூ கூடவே கூடாது, வெறுங்கால்தான். கணுக்காலுக்குப் பட்டை கட்டிக்கொள்ளலாம். கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு 5 பேர். ஃபிஃபா விதிப்படி 12 நிமிடமாக 3 பகுதி, ஆனால் பழக்கமில்லாதவர்களுக்கு அது ரொம்ப அதிகம், நீங்கள் 8 நிமிடமாக வையுங்கள். ஆள் மாற்றுவதற்குக் கணக்கே இல்லை, அது இல்லாவிட்டால் மணலில் ஒருத்தனும் தாங்கமாட்டான்.

கோல்கம்பம்: சுவர் கிடையாது! ஃப்ரீ கிக் எல்லாமே நேரடி, அதாவது நேராகவே கோலுக்கு அடிக்கலாம். அடிப்பவர் மணலைக் கொஞ்சம் மேடாக்கிப் பந்தை வைத்துக்கொள்வார், எதிரே கோல்கீப்பர் மட்டும். அதனால் ஃபவுல் செய்யும்முன் யோசிக்கச் சொல்லுங்கள். வெளியே போன பந்தைக் கையால் எறியலாம், காலாலும் உதைக்கலாம், ஆனால் 4 நொடிக்குள். டிரா என்று எதுவும் இல்லை, 3 நிமிடம் கூடுதல் ஆட்டம், அப்புறம் பெனால்டி.

அலைக்கரை: சரி, சுவர் கேட்டவன் எங்கள் கோல்கீப்பர்தான், அவனிடம் காட்டுகிறேன்.

மணல்கால்: ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று மணலைக் காலால் கிளறிப் பாருங்கள். பாட்டில் சில்லும் உடைந்த சிப்பியும் மேலே தெரியாது.