பச்சை மர மலைப்பாம்புக் குட்டி: டப்பாவா, கண்ணாடித் தொட்டியா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
குட்டி இன்னும் மஞ்சள் நிறம்தான். வெளிநாட்டு உயிரினம் வளர்க்கறவங்க பதிவு பண்ற மத்திய அரசோட பரிவேஷ் தளத்துல பதிவு முடிஞ்சது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல தண்ணி தெளிச்சாலும் உடனே காஞ்சிடுது. பெரிய தொட்டி வாங்கலாமா? சுத்தம் பண்றப்ப எப்படி எடுக்கறதுங்க?

பதில் 1:
தொட்டி இப்ப வேண்டாங்க. 6 லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். பெரிய இடத்துல குட்டி மிரண்டு இரை எடுக்காது. காத்து ஓட்டையைப் பக்கவாட்டுல மட்டும், உள்ளிருந்து வெளியே பாத்து சூட்டுக்கம்பியால குத்துங்க. இல்லேன்னா பிசிறு தோலைக் கீறும். பாம்பு சுத்தி உக்காரற குச்சியை அதோட உடம்புத் தடிமனுக்கு, கழட்டி எடுக்கற மாதிரி மாட்டுங்க.

பதில் 2:
ஏன் கழட்டணும்னா, ஒரு வயசு வரைக்கும் குட்டியைக் கையில எடுக்கவே கூடாது. வால் குச்சியை இறுக்கிச் சுத்தியிருக்கும். பிரிச்சு இழுத்தா முதுகெலும்பு பிசகும். அந்தக் கோணல் நிமிராது. குச்சியோடவே தூக்கி வேற டப்பாவுல வைங்க. கொஞ்சறதுக்கான பாம்பு இல்ல இது.

பதில் 3:
காயறது நல்லதுதாங்க. சாயந்தரம் தெளிச்சா காலைக்குள்ள இலை காயணும். எந்நேரமும் சொதசொதன்னு இருந்தா சளி, தோல் புண் வரும். தோல் உரிக்கப்போற சமயம் மட்டும் கூட ஒரு தடவை தெளிங்க, இல்லேன்னா பழைய தோல் வால் நுனியில ஒட்டிக்கும். பகல்ல 28-30 டிகிரி, ராத்திரி 24-25. ஏப்ரல் வெயில்ல ஹீட்டர் வேணுமான்னு தெர்மாமீட்டரைப் பாத்து முடிவு பண்ணுங்க.