தேக்கு மேசையில் துணியால் வார்னிஷ் பூசினேன்: இரண்டு பலகை காய்ந்தது, இரண்டு பலகை ஒட்டுகிறது. ஏன்?

பாமணியாறு (மன்னார்குடி)

மேசை 5 அடிக்கு 3 அடி. பிரித்த வீட்டின் தேக்குக் கதவுப் பலகை நான்கைச் சேர்த்து ஒட்டி, இழைப்புளி போட்டு, 80, 120, 180 என்று உப்புத்தாள் தேய்த்தாயிற்று. பிரஷ் கோடும் குமிழும் விழாமல் இருக்க, வார்னிஷை நீர்க்கக் கலந்து துணியால் பூசும் முறை. எண்ணெய் வகை பாலியூரித்தேன் கிளியர், ஹார்டனர் சேர்க்காத ஒரே டின் வகை. அதில் பாதி, மினரல் டர்பன்டைன் பாதி. ஒரு கோட் ஆகி இன்றோடு 3 நாள்.

நடுவில் இருக்கும் இரண்டு பலகையும் கிண்ணென்று காய்ந்துவிட்டன. ஓரத்துப் பலகை இரண்டில் மட்டும் விரலை வைத்தால் ரேகை அப்படியே பதிகிறது. இப்போது மாசி மாதம், மழை ஈரம் எதுவும் இல்லை.

கலவை தப்பா? இதன் மேலேயே அடுத்த கோட் போட்டால் சேர்ந்து காய்ந்துவிடுமா? மொத்தம் எத்தனை கோட் வேண்டும்? காபி டபரா, வாழையிலை எல்லாம் வைத்துப் புழங்கும் மேசை.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

கலவை சரிதான். ஒரே டின், ஒரே துணி, ஒரே நாள், அப்படியும் இரண்டு பலகை காய்ந்து இரண்டு காயவில்லை என்றால் கோளாறு வார்னிஷில் இல்லை, மரத்தில் இருக்கிறது.

இந்த வகை வார்னிஷில் டர்பன்டைன் ஆவியாவது முதல் பாதி வேலைதான். அதற்குப் பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டுதான் அது இறுகுகிறது. தேக்கின் இயற்கையான எண்ணெயில் இந்த இறுகலைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. எல்லாப் பலகையிலும் அது ஒரே அளவு இருக்காது. வைரம் பாய்ந்த பலகையில் அதிகம். கதவாக இருந்த காலத்தில் யாராவது வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், முந்திரி எண்ணெய் என்று தடவியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஓரத்துப் பலகை இரண்டையும் முகர்ந்து பாருங்கள். தேக்கு வாசனைக்கு மேல் வேறு நெடி வந்தால் பழைய எண்ணெய் ஊறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த கோட்டை இதன் மேல் போடவே போடாதீர்கள். மேலே தோல் கட்டும், அடியில் பிசுக்கு அப்படியே நிற்கும். பிறகு நகம் பட்டாலே தோலாக உரியும்.

செய்ய வேண்டியது இது. ஒட்டுகிற பலகையை டர்பன்டைன் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் கொண்டு பிசுக்கை எடுங்கள். ஒரு நாள் காயவிட்டு 120 போட்டு வெறும் மரம் தெரியும்வரை தேயுங்கள். உப்புத்தாள் சீக்கிரம் மழுங்கும், தேக்கில் சிலிக்கா இருப்பதால். மழுங்கிய தாளை வைத்து மல்லுக்கட்டினால் மரம் பளபளப்பாகுமே தவிர அறுபடாது, தாளை மாற்றுங்கள். மூக்கில் துணியோ மாஸ்க்கோ கட்டாயம், தேக்குத் தூள் சிலருக்கு மூக்கிலும் தோலிலும் அரிப்பு தரும். கடைசியில் மேசை முழுக்க 180, அதன்மேல் 220. அதற்கு மேல் போக வேண்டாம்.

பிறகு என்சி தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கு ஊற்றும், சீக்கிரம் பறக்கிற தின்னர்) அல்லது அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் பலகையைத் துடையுங்கள். துணியில் மஞ்சள் பழுப்பாக ஏறும். துணியின் இடத்தை மாற்றி மாற்றி, நிறம் ஏறுவது குறையும்வரை. நெடி போனதும், அரை மணிக்குள், முதல் கோட் போட்டுவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி எதுவும் கூடாது.

பழைய எண்ணெய் குடித்த பலகைக்கு இதுவும் போதாது, அடியில் அரக்கு போட வேண்டும். 60 கிராம் அவலரக்கை (அவல் மாதிரி செதிலாக விற்கும் அரக்கு) 500 மில்லி பாலிஷ் ஸ்பிரிட்டில் (அரக்கைக் கரைக்கும் ஆல்கஹால்) கண்ணாடி பாட்டிலில் போட்டு, அவ்வப்போது குலுக்கிக் கரைத்து, பிறகு அசைக்காமல் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். அரக்கில் கொஞ்சம் மெழுகு இருக்கும். அது கஞ்சித் தண்ணி மாதிரி அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி எடுங்கள். மெழுகோடு பூசினால் அதன்மேல் பாலியூரித்தேன் பிடிக்காது. கடையில் கலந்து விற்கும் பிரெஞ்சு பாலிஷை இதற்கு வாங்காதீர்கள், அதில் மெழுகும் வேறு என்னென்னவோவும் இருக்கும். தெளிந்த அரக்கில் ஒரே கோட், ஒரு மணி நேரம் காய்ந்ததும் 320 போட்டு லேசாக ஒரு தடவல், தூசி துடைத்து வார்னிஷுக்குப் போகலாம்.

நிறம் வித்தியாசமாகத் தெரியாமலிருக்க நான்கு பலகைக்கும் சேர்த்தே அரக்கு போடுங்கள்.

குடமுருட்டி (பாபநாசம்)

வெண்ணாறு அண்ணன் மரத்தைச் சொல்லிட்டாரு, நான் கையைச் சொல்றேன்.

துணி: பல தடவை துவைச்ச மல் வேட்டி. கஞ்சி போட்டது வேணாம், புதுசு வேணாம், நூல் பிரியும். ஒரு சாண் சதுரமா கிழிச்சு, ஓரம் உள்ள போற மாதிரி மடிச்சு, உள்ளங்கையில அடங்குற திண்டு மாதிரி வச்சுக்கங்க. அடிப்பக்கம் மடிப்பே இருக்கக் கூடாது, மடிப்பு இருந்தா அது கோடு போடும்.

டின்னைக் குலுக்கக் கூடாது, குச்சியால அடியிலிருந்து மெதுவா கிளறணும். மேட், சாட்டின் வகைன்னா பளபளப்பைக் குறைக்கிற பொடி அடியில தங்கி இருக்கும், கிளறாம எடுத்தா முதல் கோட் மினுக்கும், டின் தீர்ற நேரத்துல கோட் வெளுத்துப் போகும். எனக்குப் பிடிச்ச வழி, கடைசி ஒண்ணு ரெண்டு கோட் மட்டும் சாட்டின், அதுக்குக் கீழ எல்லாம் கிளாஸ், அதாவது பளபளப்பு வகை. மரத்தோட ரேகை தெளிவா தெரியும்.

அளவு: உங்க மேசை 15 சதுர அடி. முதல் கோட் மரம் குடிக்கும், 100 மில்லி கலவை போகும். அரக்கு போட்டிருந்தா அதைவிடக் குறையும். அப்புறம் கோட்டுக்கு 50, 60 மில்லிதான். அதுக்கு மேல போகுதுன்னா நீங்க தடிப்பா பூசுறீங்க. மேல்பக்கம் 6 கோட், அடிப்பக்கம் 3 கோட்டுக்கு அரை லிட்டர் வார்னிஷ் தாராளம். துணியில போடுற மூணு கோட் பிரஷ்ல போடுற ஒரு கோட்டுக்குச் சமம், அதனால சாப்பாட்டு மேசைக்கு 6க்குக் குறையாதீங்க. 8 போட்டா இன்னும் நல்லது.

பூசுறப்ப, தரை மெழுகுற மாதிரி வட்டமா தேய்க்காதீங்க. முதல்ல ரேகைக்குக் குறுக்கே ஒரு ஓட்டம், உடனே ரேகை போற திசையில இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்பும் முந்தின இழுப்பு மேல ஒரு விரல் ஏறி வரணும். துணி ஈரமா இருக்கணும், பிழிஞ்சா சொட்டக் கூடாது. 15 சதுர அடிக்கு 5 நிமிஷம், 6 நிமிஷம் ஆகும். ஒரு இடம் விட்டுப்போச்சுன்னு ரெண்டு நிமிஷம் கழிச்சுத் தெரிஞ்சா கையை வைக்காதீங்க. அது அப்பவே இழுக்க ஆரம்பிச்சிருக்கும், துணி பட்டா தழும்பு விழும். அடுத்த கோட்ல சரியாயிடும். விட்டுப்போன இடத்தைப் பாக்க, மேசை மட்டத்துக்குக் குனிஞ்சு டார்ச்சைப் படுக்க வச்சு அடிங்க. பூசின இடம் மினுக்கும், பூசாத இடம் தவிட்டு நிறத்துல கிடக்கும்.

முனைப்பக்கம், அதாவது ரம்பம் குறுக்கே அறுத்த பக்கம், உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அங்க மட்டும் 320 வரைக்கும் தேய்ச்சு ரெண்டு கோட் கூடுதலா கொடுங்க. சாம்பார் கொட்டினா மேசை கறுக்கிறது அங்கிருந்துதான்.

கோட்டுக்கு நடுவுல எவ்வளவு நேரம்னு கடிகாரத்தைப் பாக்காதீங்க. 320 தாளை ஒரு மூலையில ரெண்டு இழு இழுங்க. வெள்ளை மாவா உதிர்ந்தா அடுத்த கோட் போடலாம். தாளுல உருண்டை உருண்டையா ஒட்டினா காயலை, விடுங்க. மாசி பங்குனியில காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு ஆகும். ஐப்பசி கார்த்திகையில ரெண்டு நாளைக்கு ஒண்ணே பெரிசு.

பாமணியாறு

ரொம்ப நன்றி. ஓரத்துப் பலகை இரண்டையும் முகர்ந்து பார்த்தேன், மண்ணெண்ணெய் நெடி லேசாக இருக்கிறது. அரக்கு போட்டுவிடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். டர்பன்டைனுக்குப் பதில் என்சி தின்னரே ஊற்றினால் சீக்கிரம் காயும் என்று கடையில் சொல்கிறார்கள், சரியா? ஹார்டனர் தனி டின்னில் வரும் இரண்டு டின் பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் இதைவிடக் கெட்டி என்கிறார்களே, அதையும் இப்படித் துணியால் பூசலாமா?

அரசலாறு (கும்பகோணம்)

இரண்டுமே வேண்டாம் தம்பி.

என்சி தின்னர் கண் மூடித் திறப்பதற்குள் பறந்துவிடும். பாதி மேசை போவதற்குள் துணி இழுத்துப் பிடிக்கும். வார்னிஷோடு சேராமல் திரிந்து போகவும் கூடும். மரத்தைத் துடைக்க மட்டும் அது. மண்ணெண்ணெய் அதற்கு நேர் எதிர், நாள் கணக்கில் போகாது, எண்ணெய்ப் பசை மிச்சம் விடும். டின்னில் எந்தத் தின்னர் போட்டிருக்கிறதோ அதை ஊற்றுங்கள். இந்த வகைக்குப் பெரும்பாலும் மினரல் டர்பன்டைன்தான்.

இரண்டு டின் பியூ உண்மையிலேயே கெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஹார்டனரோடு சேர்ந்து இறுகுகிற வேறு சரக்கு. கலந்த பின் குறிப்பிட்ட நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், பெரும்பாலும் ஸ்பிரேயில் அடிப்பது. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு கிளம்பிக் குமிழ் கட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அது பெரிய தலைவலி. அந்த ஆவி நுரையீரலுக்கும் ஆகாது, சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. வீட்டுத் திண்ணையில் செய்கிற வேலை இல்லை அது.

நாள் பார்ப்பதைப் பற்றியும் ஒன்று. டெல்டாவில் மழை ஓய்ந்து காற்று காய ஆரம்பிப்பது தை, மாசியில்தான். ஆனால் அதே நேரம்தான் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் ஓடுகிற வயல் பக்கத்தில் இருந்தால் பதரும் சுணையும் வீட்டுக்குள் வந்து இறங்கும். அன்றைக்குப் பூசாதீர்கள். பங்குனி முதல் இரண்டு வாரம் எனக்குத் தெரிந்து இந்த வேலைக்கு ஆகச் சிறந்த காலம். சித்திரை வெயிலில் விடிகாலையில் மட்டும். ராத்திரியில் டியூப் லைட் போட்டுப் பூசுவதை அடியோடு விட்டுவிடுங்கள். நெல் வயல் பக்கம் விளக்கைத் தேடிப் பச்சைத் தத்துப்பூச்சி சாரிசாரியாக வரும், ஒவ்வொன்றும் கோட்டில் ஒரு பச்சைப் புள்ளி. அப்படி ஒன்று விழுந்துவிட்டால் ஈரத்தில் நோண்டாதீர்கள். காய்ந்ததும் பிளேடு நுனியால் எடுத்து 320 போட்டால் போதும்.

சீலிங் ஃபேன் பூசும்போதும் அடுத்த அரை மணியும் நின்றிருக்கட்டும். தூசி ஒட்டாத நிலை வந்தபின் மெதுவாகச் சுற்ற விடலாம், இறுக காற்று வேண்டும்.

டபரா விஷயம்: கடைசி கோட்டுக்குப் பின் 2 நாளில் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள். முழுக்க இறுக 3 முதல் 4 வாரம். அதுவரை ஈர வாழையிலை, விரிப்பு, செய்தித்தாள் எதுவும் அதன்மேல் கிடக்கக் கூடாது. தாள் ஒட்டினால் அச்செழுத்தோடு வரும். அதன்பின் காபி டபரா வைக்கலாம், அரக்கு பாலிஷ் மேசையில் விழுவது போல வெள்ளை வளையம் சுலபத்தில் விழாது. அடுப்பிலிருந்து இறக்கிய குழம்புச் சட்டிக்குப் பிரிமனை போட்டே வையுங்கள். மஞ்சள் கறை மரத்துக்குள் போகாது, ஆனாலும் ராத்திரி முழுக்க விட்டு வைக்காதீர்கள்.

அடிப்பக்கத்துக்கு 3 கோட் போட மறக்காதீர்கள். மேலே மட்டும் பூசினால் ஈரம் அடியில் மட்டும் ஏறும், மேசை வளையும். இரண்டு பக்கமும் பூசினாலும் 3 அடி அகலத் தேக்கு, மழைக்கும் கோடைக்கும் 4, 5 மில்லிமீட்டர் விரிந்து சுருங்கத்தான் செய்யும். சட்டத்தில் பூட்டும்போது திருகு ஓட்டையை அகலவாக்கில் நீளமாக அறுத்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பூட்டினால் ஒட்டு விடும், இல்லை பலகை வெடிக்கும்.

முடிகொண்டான் (திருவாரூர்)

வாகை, பூவரசுப் பலகை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் ஒன்று. இவற்றில் தேக்கு மாதிரி எண்ணெய்த் தொல்லை இல்லை. புதுப் பலகைக்கு அரக்கு தேவைப்படாது, நேரே முதல் கோட் போடலாம். வாகையில் துளை பெரிது, துணி கோட் அதை மூடாது. மூன்றாவது கோட் ஈரமாக இருக்கும்போதே 400 நம்பர் வாட்டர் பேப்பரை அதே கலவையில் தொட்டு ரேகையோடு தேயுங்கள். மரத்தூளும் வார்னிஷும் சேர்ந்து சேறு மாதிரி வரும், அது துளையில் இறங்கும். 10 நிமிடம் விட்டு, மேலே நிற்பதை ரேகைக்குக் குறுக்கே துடைத்து, ஒரு முழு நாள் காயவிடுங்கள். வாகைத்தூள் தும்மலைக் கிளப்பும், மூக்கைக் கட்டிக்கொண்டு தேயுங்கள்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

இத்தனை பதிலிலும் துணியை என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை, நானும் மறந்துவிட்டேன்.

வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது இறுகும்போது சூடு கிளம்பும். விரித்துக் கிடந்தால் சூடு காற்றில் போய்விடும். பந்தாகச் சுருண்டு கிடந்தால் சூடு உள்ளேயே தங்கி ஏறி ஏறி, தீக்குச்சி இல்லாமல் தானே பற்றிக்கொள்ளும். நீங்கள் கை கழுவிச் சாப்பிட்டுப் படுத்தபின் நடக்கிற காரியம் அது. பக்கத்தில் வைக்கோல் போரோ கீற்றுக் கொட்டகையோ இருந்தால் நினைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு கோட் முடிந்ததும் துணியைக் கொல்லைப் பக்கம் மண் தரையிலோ சிமெண்ட் தரையிலோ, கூரையை விட்டுத் தள்ளி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் ஒற்றையாக விரித்துப் போடுங்கள். கொடியிலும் தனித்தனியாகப் போடலாம். விரிக்க இடமில்லை என்றால் தண்ணீர் நிறைந்த பழைய பெயிண்ட் டின்னில் முக்கி மூடி வையுங்கள். அப்பளம் மாதிரி விறைத்துக் காய்ந்த பிறகுதான் குப்பைக்குப் போக வேண்டும்.