சேவலுக்குத் தொண்டையில் கரகர சத்தம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தண்டையார்பேட்டையில் மொட்டைமாடியில் ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும் வளர்க்கிறேன். நாலு நாளாகச் சேவலுக்கு மூச்சு சரியில்லை. ராத்திரி தெரு அடங்கியதும் கூண்டருகே காது வைத்தால் கஞ்சி கொதிக்கிற மாதிரி கரகரவென்று கேட்கிறது. இடது கண்ணோரம் சோப்பு நுரை போல நிற்கிறது. கூவினால் பாதியில் குரல் உடைகிறது. நேற்று கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தே மூச்சு வாங்கியது. பார்க்க மனசு தாங்கவில்லை.

கம்பு கொத்துகிறது. பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் இல்லை. அதனால் வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோயாக இருக்காது என்று நம்புகிறேன். முகமும் வீங்கவில்லை. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் சளியாக இருக்குமோ?

மழையில் கூண்டுக்குள் உமி நனைந்து, குனிந்தாலே கண் எரிகிற அளவு அம்மோனியா நெடி. முன்பே கவனித்திருக்க வேண்டும். அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போட்டேன், பெட்டைகளைப் பிரித்துவிட்டேன். மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடு என்கிறார்கள். அளவு தெரியாமல் கொடுக்க மாட்டேன்.

நாளை காலை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறேன். மூச்சு திணறாமல் ஆட்டோவில் எதில் வைத்துக் கொண்டுபோனீர்கள், கூடையிலா அட்டைப்பெட்டியிலா? குணமானபின் பெட்டைகளோடு எப்போது சேர்த்தீர்கள்? இன்று ராத்திரிக்குள் யாராவது சொன்னால் பெரிய உதவி.