ரிஸ்க்-ஃபைவ் கெர்னல்: 'ஸிசிஎஸ்ஆர் நீட்சி தேவை' என்று அசெம்பிளர் நிற்கிறது

கேள்வி (இளநிரலன்):
வணக்கம். டெபியன் 11இல் சிக்கலின்றித் தொகுத்துவந்த லினக்ஸ் கெர்னல், கணினியை டெபியன் 12க்கு மாற்றியபின் தொகுப்பாக மறுக்கிறது. என் ரிஸ்க்-ஃபைவ் (ஒரு செயலிக் கட்டமைப்பு) பலகையை விற்றவர்கள் கொடுத்த 5.10 மூலநிரல்தான், ஒரு வரியைக்கூட நான் தொடவில்லை. இப்போது இருப்பவை ஜிசிசி 12.2 (கம்பைலர்), பின்யூட்டில்ஸ் 2.40 (அசெம்பிளர் அடங்கிய கருவித்தொகுப்பு). 'சிஎஸ்ஆர்ஆர் ஏ5, 0எக்ஸ்சி01' என்ற கட்டளை தெரியாது, ஸிசிஎஸ்ஆர் நீட்சி (அடிப்படைக்கு மேல் சேரும் கட்டளைத் தொகுதி) வேண்டும் என்கிறது பிழைச்செய்தி. வேறோர் இடத்தில் 'ஃபென்ஸ்.ஐ' கட்டளைக்கும் இதே கதை.

பலகையில் சிபியுஇன்ஃபோவை (செயலி விவரம் காட்டும் கோப்பு) பார்த்தால் 'ஆர்வி64ஐஎம்ஏஎஃப்டிசி' என்று மட்டும் இருக்கிறது. என் சில்லில் அந்த நீட்சியே இல்லையா? இன்னொரு குழப்பம்: என்ட்ரி.எஸ் என்ற அசெம்பிளிக் கோப்பிலும் சிஎஸ்ஆர் (கட்டுப்பாட்டு, நிலைப் பதிவகம்) கட்டளைகள் இருக்கின்றன, ஆனால் அது பிழையின்றித் தேறிவிடுகிறது.

பதில் (பழையகரம்):
பின்யூட்டில்ஸ் 2.35க்கு இறங்கிவிடுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

பதில் (சிற்றோடை):
இறங்க வேண்டாம், நண்பரே. அசெம்பிளரும் பழுதில்லை, உங்கள் சில்லும் பழுதில்லை. சிஎஸ்ஆர் இல்லாத சில்லில் லினக்ஸ் ஏறவே ஏறாது. பக்க அட்டவணையைச் சுட்டும் எஸ்ஏடிபி, குறுக்கீடு வந்தால் எங்கே தாவ வேண்டும் என்று சொல்லும் எஸ்டிவெக் எல்லாமே சிஎஸ்ஆர்கள்தான். சிபியுஇன்ஃபோவில் ஒரு பெயர் இல்லை என்பதால் மட்டும் சில்லில் அந்த நீட்சி இல்லை என்று ஆகிவிடாது. அதை நம்பிச் சில்லைச் சந்தேகிக்காதீர்கள்.

மாறியது ரிஸ்க்-ஃபைவ் விவரக்குறிப்பு. முன்பு இந்தக் கட்டளைகள் அடிப்படையான 'ஐ' தொகுதிக்குள் இருந்தன. 20191213 பதிப்பில் அவை ஸிசிஎஸ்ஆர், ஸிஃபென்ஸ்ஐ என்று தனியே பிரிந்திருக்கின்றன. 2022 பிப்ரவரியில் வந்த பின்யூட்டில்ஸ் 2.38 அந்தப் பதிப்பையே இயல்பாக எடுத்துக்கொண்டது. உங்கள் 5.10 அதற்கு முந்தையது.

என்ட்ரி.எஸ் தேறுவதற்கும் காரணம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கெர்னலின் சி நிரல் மிதவைப்புள்ளிப் பதிவகங்களைத் தொடக்கூடாது என்பதால், சி கோப்புகளுக்கான எம்-ஆர்ச் (எந்த நீட்சிகளுக்குத் தொகுப்பது என்று சொல்லும் கம்பைலர் விருப்பம்) மதிப்பிலிருந்து மேக்ஃபைல் (தொகுப்பு விதிகளின் கோப்பு) மிதவைப்புள்ளி நீட்சிகளான 'எஃப்டி'யை வெட்டிவிடுகிறது. அசெம்பிளிக் கோப்புகளுக்கு வெட்டுவதில்லை. 'எஃப்' நீட்சி ஸிசிஎஸ்ஆரைச் சார்ந்தது. அது இருந்தால் ஸிசிஎஸ்ஆரும் தானாக உள்ளே வரும். சி கோப்புகளிலோ எஃப் போனதோடு ஸிசிஎஸ்ஆரும் போய்விடுகிறது. அதனால்தான் சிக்குள் பொதிந்த அசெம்பிளி மட்டும் அடிவாங்குகிறது.

ஆர்ச் அடைவுக்குள் ரிஸ்க்-ஃபைவ் மேக்ஃபைலைத் திறந்து, 'சிசி-ஆப்ஷன்-ஒய்என்' கொண்டு கம்பைலர் இந்த இரண்டு பெயர்களையும் ஏற்கிறதா என்று சோதியுங்கள். ஏற்றால் எம்-ஆர்ச் மதிப்பின் வாலில் '_ஸிசிஎஸ்ஆர்_ஸிஃபென்ஸ்ஐ' என்று சேருங்கள். 5.17இல் மேலிடக் கெர்னல் (லினக்ஸின் மூலத் திட்டம்) செய்ததும் இதுவே. அந்த ஒட்டுத் திருத்தத்தை (பேட்ச்) அப்படியே எடுத்துப் போடலாம்.

பதில் (இளநிரலன்):
ஒட்டுப் போட்டேன், முழுவதும் தொகுப்பாகிவிட்டது. பலகையில் கெர்னலும் ஏறிவிட்டது. மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும்: நீட்சியின் பெயரைச் சேர்த்ததால், சில்லில் இல்லாத கட்டளை எதுவும் உள்ளே நுழைந்திருக்குமா?

பதில் (சிற்றோடை):
நுழையாது. இந்த இரண்டு பெயர்களும் முன்பு 'ஐ'க்குள் இருந்த அதே கட்டளைகளையே குறிக்கின்றன. இயந்திரக் குறியீட்டில் ஒரு பிட்கூட மாறவில்லை. ஆப்ஜ்டம்ப்பில் (இயந்திரக் குறியீட்டைக் கட்டளைகளாகக் காட்டும் கருவி) விடிஎஸ்ஓவை (கெர்னல் பயனர் நிரல்களுக்குத் தரும் சிறு நூலகம்) பிரித்துப் பாருங்கள். நீங்கள் கேட்ட 0எக்ஸ்சி01 அங்கே 'ஆர்டிடைம்' என்று தெரியும், நேரத்தைப் படிக்கும் கட்டளை. ஆனால் மற்ற நீட்சிகளுக்கு இது பொருந்தாது. திசையன் நீட்சியான 'வி'யைச் சில்லில் இல்லாமல் எம்-ஆர்ச்சில் எழுதினால் அசெம்பிளர் மறுக்காது. அந்தக் கட்டளை ஓடும்போதுதான் சட்டவிரோதக் கட்டளை என்று, பிழையின் காரணத்தைச் சொல்லும் எஸ்காஸ் பதிவகம் 2 காட்டும்.

பதில் (பழையகரம்):
விளக்கத்திற்கு நன்றி, நானும் மேக்ஃபைலையே மாற்றிக்கொள்கிறேன். 2005 வாக்கில் இன்டெல் பக்கமும் இப்படி நடந்தது. பிரிவுப் பதிவகத்துக்கும் 32 பிட் நினைவகத்துக்கும் இடையே 'மூவ்எல்' எழுதுவதைப் புதிய அசெம்பிளர் மறுத்தது, 2.4 கெர்னலில் அதை 'மூவ்' என்று திருத்திய பிறகே தொகுப்பானது. 'மூவ்' என்று எழுதினால் பழைய அசெம்பிளரும் ஏற்றுக்கொண்டது.